கதவின் எடை

"மூணு வாட்டி பெயின்ட் அடிச்சாச்சு தங்கச்சி. மூணு வாட்டியும் பொங்கிட்டு."

வேதமாணிக்கம் அலமாரிக் கதவை லோடு ஆட்டோவிலிருந்து இறக்கிச் சுவரில் சாய்த்தார்.

ஆறடிக் கதவு. பாலாடை நிறம். கீழ்ப்பாதி அடிபட்ட உதடு மாதிரி வீங்கிக் கிடந்தது.

ஜைனபு தன் பட்டறை வாசலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். இடதுகை முட்டியால் கதவை மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே போனாள்.

டொக். டொக். டொக். தொப்.

அந்த இடத்தில் கையை நிறுத்தினாள்.

"எப்படி நனைஞ்சுது?"

"சும்மா, லேசா தண்ணி பட்டுட்டு."

"லேசாவா?"

"ஆமா."

அவள் தன் இடுப்புக்கு நேரே கையை வைத்துக் காட்டினாள். "இந்த ஒசரத்துக்கு நின்னுருக்கு. எத்தனை நாள் அண்ணாச்சி?"

வேதமாணிக்கம் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நாலு நாள்," என்றார்.

"அதை மொதல்ல சொல்லணும்லா," என்று ஜைனபு மறுபடி தட்டின் முன் உட்கார்ந்தாள்.

தூத்துக்குடியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எம்.டி.எஃப் அக்கா என்றால்தான் தெரியும். முப்பத்தெட்டு வயது. சென்னையில் சமையலறை அலமாரி செய்யும் பட்டறையில் பத்து வருஷம் இருந்துவிட்டு, ஊருக்குத் திரும்பி, ஒரு பழைய தீப்பெட்டி குடோனை வாடகைக்குப் பிடித்திருந்தாள். தீப்பெட்டி வைத்த இடத்தில் ஈரம் ஏறாது. அவளுக்கு அதுதான் வேண்டும்.

எம்.டி.எஃப் என்பது மரத்தை நாராக அரைத்துப் பசை விட்டு அழுத்திச் செய்த பலகை. பார்க்க மொழுமொழுவென்று லட்சணமாக இருக்கும். தண்ணீரைக் கண்டால் மட்டும் வெட்கம் கெட்டுப்போய்க் குடிக்கும்.

மார்கழி வெள்ளம் வடிந்தபோது ஊரில் பாதி வீட்டு அலமாரி தெருவில் கிடந்தது. நெருப்பு வைத்தாலும் பிடிக்கவில்லை. அவற்றில் தேறும் என்று பட்டதையெல்லாம் அவள் குடோனுக்கு அள்ளி வந்தாள். கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். அப்படிச் சொன்னவர்களே பிற்பாடு தங்கள் கதவைத் தேடி அங்கே போனார்கள்.

"பழையபடி ஆக்கணும்," என்றார் வேதமாணிக்கம். "கோடு கிழிச்ச மாதிரி, பழையபடி. அவ வாரதுக்குள்ள."

"யாரு வாரா?"

"வீட்டுக்காரி. பொன்மணி. அரபு நாட்டுல, சலாலாவுல நர்ஸ். போய் மூணு வருஷமாச்சு. இன்னும் சரியா முப்பது நாள்ல லீவுல வாரா. அவ ஆசைப்பட்டு வாங்குன அலமாரி இது."

"பழையபடில்லாம் ஆகாது அண்ணாச்சி. வீங்குன நாரு வீங்குனதுதான். செதுக்கி எடுத்துட்டு வேற பூசலாம்."

"சரி, பூசித் தா."

"எனக்கு வெள்ளத்துக் கதவே நூத்திச் சொச்சம் கெடக்கு. நீங்களே செய்ங்க. சொல்லித் தாரேன்."

"நானா?"

"கை இருக்குல்லா?"

வேதமாணிக்கம் தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

"இதுக்கு ஜோடி எங்க?" என்றாள் அவள். "ரெண்டு கதவு இருக்கணுமே."

"அது நல்லா இருக்கு. அதுவும் நானே பூசுனதுதான். கண்ணாடி மாதிரி வந்திருக்கு. ரெண்டு டின் எனாமலை ஊத்தி, நாலு ஓரத்தையும் அடைச்சுட்டேன்."

"அதையும் கொண்டாங்க."

"அதுக்கு ஒண்ணுமில்ல தங்கச்சி."

ஜைனபு சோற்றைப் பிசைந்தாள்.

மறுநாள் காலையில் அவர் கையில் ஒரு சுரண்டியைக் கொடுத்தாள்.

"எல்லாத்தையும் எடுங்க."

"எதை?"

"நீங்க அடிச்சதை."

"நல்லா இருக்குற எடத்துலயுமா?"

"எல்லாத்தையும்."

மூன்று கோட் பெயின்ட்டும் பட்டை பட்டையாக உரிந்து விழுந்தது. வேதமாணிக்கத்துக்கு வயிறு எரிந்தது. ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு நாள் குனிந்து நின்ற இடுப்பு அவருடையது.

உரித்து முடித்ததும் கதவைத் தூக்கித் தராசில் வைக்கச் சொன்னாள். பழைய பேப்பர்க் கடையிலிருந்து வாங்கிய டிஜிட்டல் தராசு. சிவப்பு எண் துடித்து நின்றது.

பதிமூணு கிலோ அறுநூற்று இருபது கிராம்.

"கதவுக்கு உள்பக்கம் பென்சில்ல எழுதுங்க."

எழுதினார்.

"நாளைக்கும் எழுதுங்க. நாளன்னைக்கும் எழுதுங்க. என்னைக்கு எடை இறங்காம நிக்கோ அன்னைக்கு வந்து சொல்லுங்க."

"அதுவரைக்கும்?"

"காத்து படட்டும்."

"நான் என்ன செய்ய?"

"நீங்களும் காத்து வாங்குங்க."

ஆடி மாதம். தூத்துக்குடிக் காற்று வேட்டியை உருவிக்கொண்டு போகிற காலம். குடோனின் இரண்டு வாசலையும் திறந்துவிட்டு, நடுவே கதவை நிழலில் செங்குத்தாக நிறுத்தினார்கள். அவர் எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

வேதமாணிக்கம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். முதுகு ஒத்துழைக்காமல் ஐம்பத்தாறிலேயே விருப்ப ஓய்வு வாங்கியவர். முப்பது டன் பெட்டியைத் தூக்கிக் கப்பலில் முட்டை வைக்கிற மாதிரி வைப்பார் என்று பேர். அந்த மனிதன் இப்போது இருபது கிராமுக்குத் தவம் கிடந்தார். பாவமாகத்தான் இருந்தது.

13.480.

13.350.

13.240.

சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் வரும். பொன்மணிக்கு அப்போது பகல் டியூட்டி முடிந்திருக்கும்.

"சாப்டீயளா?"

"ஆச்சு."

"வீடு எப்படி இருக்கு?"

"அப்படியே இருக்கு."

"நம்ம அலமாரி?"

"அப்படியே."

மூன்று வருஷமாக இதே கேள்விகள். கடைசி ஏழு மாதமாக அந்தப் பதில் பொய்.

அந்தப் பொய் வந்த வழியைச் சொல்லிவிட வேண்டும். வெள்ளம் வந்த நாலு நாளும் ஊரில் போன் இல்லை. ஐந்தாம் நாள் எங்கேயோ ஒரு மாடியில் சிக்னல் கிடைத்து அவர் கூப்பிட்டபோது, அந்தப் பக்கம் பொன்மணி அழுது அழுது குரலே இல்லாமல் இருந்தாள்.

"நம்ம வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சா? சத்தியமாச் சொல்லுங்க. வந்துச்சுன்னா இப்பவே கெளம்பி வாரேன்."

அவருக்கு அந்த நேரத்தில் உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். பொன்மணி வர வேண்டும். ஈர வேட்டியோடு, மூன்று நாள் பட்டினியோடு, அதற்கு மட்டும்தான் ஏங்கிக்கொண்டு நின்றார்.

ஆனால் ஒப்பந்தம் முடியுமுன் வேலையை விட்டு வந்தால் மறுபடி அந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள். அந்த வேலைக்காக அவள் மூன்று பரீட்சை எழுதியவள்.

"நம்ம தெருவுல ஏறல," என்றார் அவர். "நம்ம வீடு மேடுலா."

அப்புறம் அந்தப் பொய்யைக் காப்பாற்றச் சுவருக்கு வெள்ளையடித்தார். மெத்தையை மாற்றினார். மிக்சியை மாற்றினார். எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டன. அலமாரி மட்டும் கேட்கவில்லை.

ஆறாம் நாள் வெள்ளிக்கிழமை. ஜைனபு மதியம் வீட்டுக்குப் போயிருந்தாள். வேதமாணிக்கத்துக்கு ஒரு யோசனை வந்தது. கதவைத் தரையில் படுக்கப் போட்டார். பக்கத்தில் கட்டடம் கட்டுகிறவர்களிடம் கேட்டு, அவர்களையே விட்டு இரண்டு சிமென்ட் மூட்டையை வீக்கத்தின் மேல் ஏற்றினார்.

அவள் திரும்பி வந்து பார்த்தாள்.

"என்ன இது?"

"வீக்கத்தை அமுக்குதேன்."

"சரி."

அவள் தடுக்காதது அவருக்குப் பெருமையாக இருந்தது. நாமும் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் மூட்டையை இறக்கினால் கதவு சப்பையாக இருந்தது! தராசில் வைத்தார். முந்தின நாள் எடையேதான். ஒரு கிராம் குறையவில்லை.

"அக்கா!" என்று கத்தினார். முப்பத்தெட்டு வயதுக்காரியை ஐம்பத்தாறு வயதுக்காரர் அக்கா என்று கூப்பிட்டதை அவரே கவனிக்கவில்லை. "எடை நின்னுட்டு! காஞ்சிட்டு!"

"அப்படியா? டீ குடிச்சிட்டு வந்து பாப்போம்."

டீ குடித்துவிட்டு வந்தார்கள். கதவில் பழையபடி வீக்கம் எழுந்து நின்றது.

"என்ன இது சவம், எந்திரிச்சிட்டு!"

"மேல மூட்டையைப் போட்டு மூச்சை அடைச்சா எடை நிக்கத்தான் செய்யும்," என்றாள் ஜைனபு. "ஒரு நாள் போச்சு. தூக்கி நிறுத்துங்க."

தூக்கி நிறுத்தினார்.

12.710.

12.640.

12.590.

ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போது அவருக்குப் பொன்மணியின் ஞாபகம் வராத நிமிஷம் இல்லை. அவள் காலையில் அந்த அலமாரியைத் திறந்து, ஒரு கதவுக்கும் இன்னொரு கதவுக்கும் நடுவில் நின்று, எந்தச் சேலை என்று அவரிடம் கேட்பாள். அவர் ஒன்றைச் சொல்வார். அவள் வேறொன்றை எடுத்துக் கட்டுவாள். பிள்ளைகள் இல்லாத வீடு. அந்தக் கேள்வியும் போன பிறகு காலை நேரத்தில் வீட்டில் பேச்சே இல்லாமல் போயிற்று.

பதினெட்டாம் நாள். பதினோரு கிலோ எண்ணூற்று நாற்பது. முந்தின நாளும் அதேதான்.

இந்தத் தடவை அவர் கத்தவில்லை. கதவைச் சுற்றி வந்தார். மேலே ஏதாவது கிடக்கிறதா, எதையாவது அடைத்து வைத்திருக்கிறோமா என்று பார்த்தார். மறுபடி தராசில் வைத்தார். அதே எண்.

"அக்கா, நின்ன மாதிரி இருக்கு. நீங்க ஒருக்கா பாருங்க."

ஜைனபு பார்த்தாள். முட்டியால் தட்டினாள். டொக், டொக், டொக், டொக்.

"உப்புத்தாளை எடுங்க," என்றாள்.

அன்று முழுக்க அவர் வீங்கிய நாரைத் தேய்த்தார். தூள் மாவு மாதிரி பறந்தது. மீசை, புருவம் எல்லாம் வெளுத்துவிட்டது. குழிந்த இடத்தில் பட்டிப் பசை வைத்துச் சமமாக இழுத்தார். பிறகு ஓரத்துக்கு, ஈரத்தை அடைக்கும் சீலர் அடித்தார்.

"பலகையோட முகம் அவ்வளவு தண்ணி குடிக்காது. ஓரம்தான் குடிக்கும்," என்றாள் அவள். "அடிங்க, காயட்டும், தேய்ங்க, மறுபடி அடிங்க."

மேல் ஓரம் இரண்டு தடவை. பக்க ஓரம் இரண்டு தடவை. கீழ் ஓரத்துக்கு நாலு தடவை என்றாள்.

"கீழ் ஓரம் தரையைப் பாத்துல்லா இருக்கும். அதை யாரு பாக்கப் போறா?"

"தண்ணி பாக்கும்."

அவர் குனிந்து நாலாவது தடவையையும் அடித்தார்.

அன்று சாயங்காலம் போனில் பொன்மணியின் குரல் வேறு மாதிரி இருந்தது.

"என்னங்க, புதுப் பேப்பர் கொடுத்திருக்காங்க. இன்னும் ரெண்டு வருஷத்துக்கு. லீவுல போகும் முன்ன கையெழுத்து வேணுமாம். நாளை கழிச்சு கேப்பாங்க."

"ம்."

"போடட்டா?"

வேதமாணிக்கத்தின் நெஞ்சு முழுக்க ஒரே வார்த்தைதான் நின்றது. அது வாய் வரைக்கும் வந்து, வழக்கம்போலத் திரும்பிப் போயிற்று.

"உன் இஷ்டம்," என்றார்.

பிறகு, "வீடு எப்படி இருக்கு?" என்றாள்.

"அப்படியே இருக்கு."

மறுநாள் அவர் குடோனுக்குப் போனபோது கண் சிவந்திருந்தது. ஸ்டூலில் உட்காரவில்லை. உப்புத்தாளை எடுத்தார், வைத்தார், எடுத்தார்.

"அக்கா, ஒண்ணு கேக்கேன்."

"கேளுங்க."

"தூரத்துல இருக்கவங்கள கவலைப்படுத்தக் கூடாதுன்னு ஒரு விஷயத்தைச் சொல்லாம இருக்கோம்னு வைங்க. அது நல்லதுதானே?"

ஜைனபு ஒரு டிராயர் முகப்புக்குப் பட்டி வைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"ஜோடிக் கதவைக் கொண்டாங்க."

"நான் என்ன கேக்கேன், நீங்க என்ன சொல்லுதீய?"

"ஜோடிக் கதவு."

"அது நல்லா இருக்குன்னு அன்னைக்கே சொன்னேன்லா!"

அவள் பட்டியை இழுத்து, தகட்டைத் துடைத்து, அடுத்த குழிக்குப் போனாள். அவ்வளவுதான். அதற்கு மேல் அந்தப் பொம்பளையிடமிருந்து ஒரு சொல் பெயராது என்று இந்தப் பத்தொன்பது நாளில் அவருக்குத் தெரிந்திருந்தது.

கோபத்தோடுதான் வீட்டுக்குப் போனார். கீலைக் கழற்றினார். சாயங்காலம் அதே லோடு ஆட்டோவில் ஜோடிக் கதவைக் கொண்டுவந்து அவள் எதிரே நிறுத்தினார்.

"இந்தா பாருங்க. நல்லாப் பாருங்க. இதுல என்ன குத்தம் சொல்லுதீயன்னு நானும் பாக்கேன்."

நிஜமாகவே கண்ணாடிதான். மேற்கு வாசல் வெளிச்சம் அதில் வழுக்கிக்கொண்டு போனது. அவருடைய முகமே அதில் தெரிந்தது. ஒரு வீக்கம் இல்லை, ஒரு கொப்புளம் இல்லை.

ஜைனபு டிரில்லை எடுத்தாள்.

"என்ன செய்யுதீய? ஏ அக்கா! வேண்டாம்!"

இடுப்புக்குக் கீழே, பளபளப்பின் நட்டநடுவில், அவள் ஒரு துளை போட்டாள்.

வேதமாணிக்கம் தலையில் கைவைத்துவிட்டார். "ஐயையோ, நல்ல கதவைக் கொன்னுட்டியே! இது ஒண்ணுதான் உருப்படியா இருந்துச்சு! அவ வந்து கேட்டா நான் என்னத்தைச் சொல்வேன்?"

ஜைனபு டிரில்லை வெளியே இழுத்து அவரிடம் காட்டினாள். தூள் பறக்கவில்லை. கரிய சகதியாக அதன் முனையில் அப்பியிருந்தது.

அவள் அதை வழித்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"உருட்டிப் பாருங்க."

உருட்டினார். உருண்டையாயிற்று. விரலில் ஈரம் ஒட்டியது. வெள்ளத்தன்று வீட்டுக்குள் அடித்த அதே வாடை எழுந்து மூக்கில் ஏறியது.

"எத்தனை மாசமாச்சு அண்ணாச்சி?"

"ஏழு."

"ம்," என்றாள் அவள்.

போன் அடித்தது.

ஆறு மணி. வேதமாணிக்கம் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். இன்னொரு கையில் அந்த உருண்டை அப்படியே இருந்தது.

"என்னங்க, சாப்டீயளா?"

"ம்."

"வீடு எப்படி இருக்கு?"

பதில் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. ஏழு மாதப் பழக்கம். அவர் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார்.

"வீட்டுக்குள்ள வெள்ளம் வந்துச்சு பொன்மணி."

"ஐயோ, எப்போ?"

"மார்கழியில."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு மின்விசிறி ஓடுவது மட்டும் கேட்டது.

"எவ்வளவு வந்துச்சு?"

"இடுப்பளவு. நாலு நாள் நின்னுச்சு."

திட்டப் போகிறாள் என்று அவர் தோளைக் குறுக்கிக்கொண்டார். வாய்க்காரி. வார்டில் டாக்டர்களே அவளுக்குப் பயப்படுவார்கள்.

"நாலு நாளும் எங்க படுத்தீய?" என்றாள் அவள்.

இந்தக் கேள்வியை அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. தண்ணீர் எத்தனை அடி என்று கேட்டார்கள். என்னென்ன சாமான் போயிற்று என்று கேட்டார்கள். ரேஷன் கார்டு நகல் கேட்டார்கள்.

"மொட்டை மாடில," என்றார். "டேங்க் ஓரமா."

"மழையிலயா?"

"தார்ப்பாய் ஒண்ணு இருந்துச்சு."

"கூட யாரு?"

"யாருமில்ல பொன்மணி. உன்னையத்தான் நெனைச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

சொன்னதும் அழுகை வந்துவிட்டது. தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று அவர் பாட்டுக்கு அழுதார்.

"அன்னைக்கு கேட்டேன்லா," என்றாள் அவள், தானும் அழுதுகொண்டே. "சத்தியமாச் சொல்லுங்கன்னு கேட்டேன்லா. சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பேனே."

"ஓடி வந்திருவன்னுதான் சொல்லல."

"அப்போ நான் வரணும்னு ஒங்களுக்கு இல்லையா?"

"அதைத் தவிர எனக்கு வேற ஒண்ணுமே இல்ல."

மறுபடி மின்விசிறிச் சத்தம்.

"அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போடாத," என்றார் வேதமாணிக்கம். "எனக்கு நீ இங்க வேணும்."

"இந்த ஒரு சொல்லுக்குத்தானே," என்றாள் பொன்மணி, "மூணு வருஷமா தெனமும் ஆறு மணிக்கு போன் பண்ணுதேன்?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அலமாரி என்ன ஆச்சு?"

"நாசமாப் போச்சு. நான்தான் பூசிக்கிட்டு இருக்கேன்."

"எல்லாத்தையும் பூசிராதீய. தண்ணி எதுவரைக்கும் ஏறிச்சுன்னு நான் பாக்கணும். நீங்க கெடந்த எடத்தையும் பாக்கணும்."

"சரி."

"மாடிக்கு ஒத்தையில போகாதீய. நான் வந்ததும் சேந்தே போவோம்."

போனை வைத்துவிட்டார்கள். வேதமாணிக்கம் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

ஜைனபு அதற்குள் ஜோடிக் கதவைப் படுக்கப்போட்டுச் சுரண்ட ஆரம்பித்திருந்தாள். அவர் இன்னொரு சுரண்டியை எடுத்து எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார். கண்ணாடி பட்டை பட்டையாக உரிந்தது. இந்தத் தடவை அவருக்கு வயிறு எரியவில்லை. உள்ளே இடுப்பு உயரத்தில், பழுப்பாக, வளைந்து வளைந்து, தண்ணீர் நின்ற கோடு தெரிந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருவருமாகக் கதவைத் தூக்கித் தராசில் வைத்தார்கள்.

பதிமூணு கிலோ எழுநூற்று ஐம்பது.

ஜைனபு பென்சிலை நீட்டினாள். அவர் உள்பக்கத்தில் எழுதினார். எழுதிவிட்டு விரலை மடக்கி எண்ணினார்.

"அக்கா, அந்தக் கதவு காய பதினெட்டு நாள் ஆச்சு."

"இதுக்கும் அவ்வளவு ஆகும்."

"அவ பதினோரு நாள்ல வந்துருவாளே."

"வரட்டும்," என்றாள் ஜைனபு. "மிச்சத்தை அவங்க எழுதட்டும்."